நாயா... சிறுத்தையா? மண்ணில் பதிந்த கால்தடத்தைப் படிப்பது எப்படி?

காலை 6 மணி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ. ஈர மண்ணில் ஒற்றைக் கால்தடம். கீழே, "நம்ம ஏரியாவுல சிறுத்தை வந்துடுச்சு. யாரும் தனியா வெளிய போகாதீங்க. அதிகம் பகிரவும்!"

பத்தே நிமிடத்தில் அதே போட்டோ அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் குரூப், ஆபீஸ் குரூப் என்று ஒரு ரவுண்டு வந்துவிடும். யாராவது ஒருத்தர் பொறுமையாக ஸூம் செய்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். நாலு விரலுக்கும் முன்னால் நாலு நகக்குறி. அநேகமாக அது தெருமுனை டீக்கடை வாசலில் பொறைக்காகக் காத்திருக்கும் நம்ம 'மணி'யின் கால்தடம்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், இதற்கு நேரெதிரான தவறும் நடக்கும். "அட, நாய்தான்பா" என்று நாம் ஒதுக்கிவிட்டுப் போவது உண்மையிலேயே சிறுத்தையாக இருந்தால்? 2024 ஏப்ரல் தொடக்கத்தில், பெரிய காடு எதுவும் பக்கத்தில் இல்லாத மயிலாடுதுறை நகரத்துக்குள் சிறுத்தை ஒன்று நடந்து போனது சிசிடிவி-யில் பதிவானது. சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வனத்துறையினர் தானியங்கி கேமராக்களைக் கட்டினார்கள், ஆற்றங்கரை, ஓடை என்று இறங்கிக் கால்தடம் தேடினார்கள். அப்படி ஒரு நேரத்தில், தடத்தைச் சரியாகப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால், வீண் பயமும் குறையும், வீண் தைரியமும் குறையும்.

நல்ல விஷயம் என்னவென்றால், இதைக் கற்றுக்கொள்ள நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு மொட்டைமாடியிலேயே ஆரம்பிக்கலாம்.

முதல் கேள்வி: நாய்க் குடும்பமா, பூனைக் குடும்பமா?

நாய், நரி, செந்நாய் எல்லாம் ஒரு பக்கம். வீட்டுப்பூனை, காட்டுப்பூனை, சிறுத்தை, புலி எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டு குடும்பத்துக்குமே தடத்தில் நாலு விரல்களும், பின்னால் ஒரு பெரிய மெத்தை போன்ற பாதமும்தான் பதியும். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலு விஷயங்களை வரிசையாகப் பாருங்கள்.

நகம்: நாய்க்கு நகம் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் விரல்களுக்கு முன்னால் புள்ளி வைத்ததுபோலப் பதியும். பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உறைக்குள் இழுத்துக்கொள்ளும், குறி விழாது.

வடிவம்: நாயின் தடம் நீளவாட்டில் இருக்கும். பூனைக் குடும்பத்தின் தடம் கிட்டத்தட்ட வட்டம்.

விரல்களின் வரிசை: நாயின் தடத்தை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பூனைக் குடும்பத்தில் அப்படி இருக்காது. நம் கையில் நடுவிரல் கொஞ்சம் முன்னால் இருக்கிறதே, அதுபோல ஒரு விரல் மற்றதைவிட முந்திக்கொண்டு நிற்கும்.

பாதத்தின் பின் விளிம்பு: இதுதான் முக்கியம். பூனைக் குடும்பத்துக்குப் பாதம் பெரிது. அதன் பின் விளிம்பில் மூன்று மேடுகள் தெளிவாகத் தெரியும். நாயின் பாதம் சின்னது, முக்கோணம் மாதிரி. அந்தப் பாதத்துக்கும் விரல்களுக்கும் நடுவில் இருக்கும் மண்ணைப் பார்த்தால் பெருக்கல் குறி போட்டதுபோலத் தெரியும்.

'நகம் தெரியலை, அதனால சிறுத்தை' என்று ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். தார்ரோட்டிலேயே சுற்றும் நாய்க்கு நகம் தேய்ந்திருக்கும், குறி விழாமல் போகலாம். சேற்றில் வழுக்கும் சிறுத்தை பிடிமானத்துக்காக நகத்தை வெளியே நீட்டியிருக்கலாம். நாலில் மூன்றாவது பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு தடத்தோடு நிற்காமல், அடுத்தடுத்த தடங்களையும் பாருங்கள்.

அளவு சொல்லும் சேதி

பூனைக் குடும்பம் என்று உறுதியாகிவிட்டதா? அடுத்து அளவு. வீட்டுப்பூனையின் தடம் சுமார் 3 செ.மீ அகலம். காட்டுப்பூனைக்கு அதைவிடக் கொஞ்சம் பெரியது. சிறுத்தைக்குச் சுமார் 7 முதல் 9 செ.மீ வரை. வளர்ந்த புலிக்கு 11, 12 செ.மீ-ல் தொடங்கி மேலே போகும். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரல்களையும் சேர்த்துவைத்தால், பெரியவர்களின் கை ஏறக்குறைய 7, 8 செ.மீ அகலம் இருக்கும். அதுதான் உங்கள் கையிலேயே இருக்கும் ஸ்கேல்!

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. குழைந்த சேற்றில் தடம் அகன்று, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் மேல் விளிம்பை அளக்காதீர்கள். உள்ளே, அடியில் அழுந்தியிருக்கும் பரப்பை மட்டும் அளக்க வேண்டும். இன்னொன்று, புலிக்குட்டியின் தடம் சிறுத்தையின் அளவிலேயே இருக்கலாம். பக்கத்தில் பெரிய தடம் ஒன்றும் போகிறதா என்று சுற்றிலும் பார்க்காமல் "சிறுத்தைதான்" என்று சொல்லிவிட்டால், தாய்ப்புலியைக் கணக்கில் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

குளம்பு, நகம், வால்... ஆளுக்கொரு கையெழுத்து

மான், காட்டுப்பன்றி, காட்டு மாடு எல்லாம் இரட்டைக் குளம்பு. மண்ணில் இரண்டு பாதிகளாக விழும். கூர்முனை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் விலங்கு போயிருக்கிறது. புள்ளிமான் குளம்பு சின்னதாக, கூராக இருக்கும். கடமான் குளம்பு அதைவிடப் பெரியது. கொடைக்கானல், குன்னூர் பக்கம் தெருவுக்குள்ளேயே வரும் காட்டு மாட்டின் தடம், நம் வீட்டு மாட்டின் தடத்தைப் பெரிதாக்கிவைத்ததுபோல இருக்கும். காட்டுப்பன்றிக்கு முனை மழுங்கியிருக்கும். இளகிய மண்ணில் குளம்புக்குப் பின்னால், இரண்டு பக்கமும் விலகி, இரண்டு சின்னக் குறிகள் விழும். அதுதான் பன்றியின் கையெழுத்து. கூடவே கிழங்குக்காக மண்ணைக் கிளறிப்போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கரடியின் பின்னங்கால் தடத்தை முதல்முறை பார்ப்பவர்கள் "யாரோ வெறுங்காலோடு போயிருக்காங்க" என்பார்கள். அந்த அளவுக்கு மனிதப் பாதம் மாதிரி இருக்கும். ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருப்பதையும், அதற்கு வெகு முன்னால் நீளமான நகக்குறிகள் விழுந்திருப்பதையும் பார்த்த பிறகுதான் முதுகு சில்லிடும். பக்கத்தில் உடைத்துத் தோண்டிய கரையான் புற்று இருந்தால், அங்கே விருந்து நடந்திருக்கிறது.

யானைக்கு முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் தடம் நீள்வட்டம். விளிம்பில் பிறைபோல விழும் நகக்குறிகள் போன திசையைக் காட்டும். ஓர் ஆச்சர்யமான கணக்கு உண்டு. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூல் வைத்து அளந்து, இரண்டால் பெருக்கினால், யானையின் தோள்பட்டை உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 130 செ.மீ சுற்றளவு என்றால், 260 செ.மீ உயரம். அதாவது சுமார் எட்டரை அடி. யானையைப் பார்க்காமலேயே சட்டைக்கு அளவு எடுத்துவிடலாம்!

உடும்பு போனால் இரண்டு பக்கமும் நகமுள்ள கால்தடம், நடுவில் வால் இழுத்த கோடு. முள்ளம்பன்றி போனால், பின்னால் முட்கள் உரசிய மெல்லிய கீறல்கள். முயல் பாய்ந்து போகும்போது முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலைத் தூக்கி அதற்கு முன்னால் வைக்கும். அதனால் பெரிய தடங்கள் முன்னாலும், சின்னத் தடங்கள் பின்னாலும் விழும். இது தெரியாவிட்டால் முயல் வந்த திசையை, போன திசை என்று சொல்லிவிடுவோம்.

"யானைன்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி... எப்போ போச்சு?"

நீலகிரி அடிவாரத்தில், அனுமதி வாங்கிய ஒரு டிரெக்கிங்கில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது. எங்களை அழைத்துப் போனவர் வேட்டைத் தடுப்புக் காவலர். அந்தக் காட்டோரப் பழங்குடி கிராமத்தில் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். ஓடைக்கரையில் சட்டென்று கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். தரையில் பெரிய வட்டம்.

"யானைதானே அண்ணா?" என்றேன், ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமையில்.

"யானைன்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி. எப்போ போச்சுன்னு சொல்லுங்க."

முழித்தேன். அவர் குனிந்து காட்டினார். தடத்துக்குள் ஊறியிருந்த தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. "தண்ணி தெளியல பாருங்க." மிதிபட்ட புல் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, அதே வட்டம், ஆனால் சின்னதாக. "குட்டி கூட இருக்கு. வாங்க, திரும்பிடலாம்."

அவ்வளவுதான். விவாதமே இல்லை. வந்த வழியே திரும்பிவிட்டோம். அன்றைக்கு நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. யானையும் எங்களைப் பார்க்கவில்லை. குட்டியோடு இருக்கும் தாய் யானையின் முன்னால் எட்டுப் பேர் பேசிக்கொண்டே போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

'எப்போ' என்ற கேள்விக்கு மண்ணே பதில் வைத்திருக்கிறது. புதிய தடத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் விளிம்பு உதிர்ந்து மழுங்கும். நேற்று ராத்திரி 9 மணிக்கு மழை விட்டது என்று வைத்துக்கொள்வோம். தடத்துக்குள் மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், மழைக்கு முன்னால் போன விலங்கு. இல்லையென்றால், 9 மணிக்குப் பிறகு. தடத்தின் மேல் சருகு விழுந்திருக்கிறதா, எறும்போ வண்டோ குறுக்கே நடந்திருக்கிறதா என்று பாருங்கள். யானைத் தடத்துக்குள் குழியானை தன் குழியைத் தோண்டிக் குடியேறியிருந்தால், பெரிய யானை போய் நேரமாகிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விடலாம்.

கால்தடம் விழாத பாறையிலும் புல்தரையிலும் வேறு சாட்சிகள் உண்டு. ஈரமும் சூடும் ஆறாத யானைச் சாணம். மரப்பட்டையில் நம் தலைக்கு மேல் உயரத்தில் அப்பியிருக்கும் சேறு. அதுவும் யானை முதுகு தேய்த்த இடம். மரத்தில் நீளவாட்டில் கீறிய நகக்குறி. பாதை நடுவில், முடியும் எலும்புத் துணுக்குமாகக் கிடக்கும் எச்சம். இது மாமிசம் தின்னும் விலங்கு 'இது என் ஏரியா' என்று வைத்துவிட்டுப் போகும் போர்டு. எச்சத்தை வெறும் கையால் தொடாதீர்கள், அதில் நோய்க்கிருமிகளும் இருக்கலாம்.

நிபுணர்களே சறுக்கிய இடம்

இவ்வளவு படித்ததும் 'இனி எந்தத் தடத்தைக் காட்டினாலும் சொல்லிடுவேன்' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

இந்தியாவில் புலிகளை எண்ணியதே ஒரு காலத்தில் கால்தடத்தை வைத்துத்தான். ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960-களில் உருவாக்கிய முறை அது. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்துக் கோடு வரைவார்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பார்கள். ஒவ்வொரு புலியின் தடத்தையும் தனித்தனியாக அடையாளம் காண முடியும் என்பது நம்பிக்கை. 1972 கணக்கெடுப்பில் 1,827 புலிகள் என்று சொன்னதும் தடத்தை வைத்துத்தான்.

சிக்கல் என்னவென்றால், ஒரே புலி மணலில் நடந்தால் ஒரு மாதிரி, சேற்றில் நடந்தால் வேறு மாதிரி தடம் விழும். ஒரே புலியை இரண்டாக எண்ணவும் செய்யலாம், இரண்டை ஒன்றாக்கவும் செய்யலாம். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில், கணக்கில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005-ல் தேடிப் பார்த்தபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க, தானியங்கி கேமராவில் பதியும் உடல் வரிகளை வைத்து எண்ணும் முறைக்கு மாறினார்கள். 2006-ம் ஆண்டுக்கான மதிப்பீடு 1,411. 2022 கணக்கெடுப்பில் தமிழகத்தில் மட்டும் 306 புலிகள்.

அப்போ கால்தடம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. இன்றைக்கும் வனப் பணியாளர்கள் நடந்து நடந்து தடத்தையும் எச்சத்தையும் பதிவு செய்கிறார்கள். 'இந்தப் பகுதியில் புலி இருக்கிறதா, எந்த வழியாகப் போகிறது, கேமராவை எங்கே கட்டலாம்' என்ற கேள்விகளுக்குத் தடம் நன்றாகவே பதில் சொல்லும். 'இது எத்தனையாவது புலி' என்று கேட்டபோதுதான் தடுமாறியது. தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு சரிஸ்கா ஒரு பாடம்.

மண்ணைப் படிக்கும் இந்த அறிவு பல தலைமுறைகளாக வருவது. செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். அங்கே வந்தேறியாகப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கத்தான். புதரையும் மண்ணையும் பார்த்தே பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் திறமைக்காக இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மொட்டைமாடியில் ஆரம்பியுங்கள்

முதல் வகுப்பு, சிமென்ட் ரோடு. நம் ஊரில் புது ரோடு போட்டால், காய்வதற்குள் ஒரு நாயாவது நடந்துவிடும். அழியாத பாடப்புத்தகம் அது. குனிந்து நகக்குறியையும் பெருக்கல் குறியையும் தேடிப் பாருங்கள். நாயின் தடம் கண்ணுக்குள் நின்றுவிட்டால், நாய் இல்லாதது தானாகத் தெரியும்.

இரண்டாவது, மணல் தட்டு. அகலமான ஒரு டிரேயில் சலித்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஸ்கேலால் மட்டம் தட்டுங்கள். பூனை வரும் வழியிலோ, மொட்டைமாடியிலோ வைத்துவிட்டு, காலையில் பாருங்கள். காகம் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடந்திருக்கும். சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தியிருக்கும். அணில் முயல் மாதிரியே பாய்ந்திருக்கும். பார்த்ததை நோட்டில் வரையுங்கள். போட்டோ எடுப்பதைவிட வரையும்போதுதான் கண் கூர்மையாகும்.

மூன்றாவது, கடற்கரை. நண்டு, நாய், காகம் என்று எல்லாமே அங்கே உண்டு. சென்னையில் இருந்தால், மாணவர்கள் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் சீசனில் நடத்தும் இரவு நடைக்குப் போய்ப் பாருங்கள். கடலிலிருந்து மேலேறி வந்து, திரும்பவும் கடலுக்கே போன ஆமையின் தடத்தைத் தொடர்ந்து போய்த்தான் முட்டையிட்ட குழியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தடத்தைச் சரியாகப் படித்தால் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் பிழைக்கின்றன.

போட்டோ எடுக்கும்போது...

தடத்துக்குப் பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ என்பதால் அளவு தெரிந்துவிடும். போனைத் தடத்துக்கு நேர் மேலே பிடித்து ஒன்று, அடுத்தடுத்த தடங்கள் தெரியத் தள்ளி நின்று ஒன்று, சுற்றியுள்ள இடம் தெரிய ஒன்று. உச்சி வெயிலில் தடம் தட்டையாகத் தெரியும். காலை, மாலை சாய்வு வெளிச்சம்தான் பெஸ்ட். நிழலாக இருந்தால், இன்னொரு போனின் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், தடம் எழுந்து நிற்கும்.

காட்டு விலங்கின் தடம் என்றால், லொகேஷனைப் போட்டு இன்ஸ்டாவில் ஸ்டோரி வைக்காதீர்கள். வேட்டைக்காரர்களும் போன் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் சிறுத்தைத் தடம் என்று சந்தேகம் வந்தால், அதன்மேல் யாரும் மிதிக்காமல் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு, போட்டோவை முதலில் வனத்துறைக்கு அனுப்புங்கள். குரூப்புக்கு அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.

அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். ஆசையாக இருந்தால், வனத்துறையே வழிகாட்டியோடு நடத்தும் டிரெக்கிங் பாதைகள் இருக்கின்றன. அங்கேயும் ஒரு விதியை மறக்காதீர்கள். புதிய தடத்தை அது போன திசையில் தொடரவே கூடாது. கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால், வழிகாட்டியிடம் சொல்லி அது வந்த திசையில் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் குடித்தது, எங்கே நின்று திரும்பிப் பார்த்தது என்று முழுக்கதையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. விலங்குக்கும் தொந்தரவு இல்லை, நமக்கும் ஆபத்து இல்லை.

நாளைக்குக் காலையில் குரூப்பில் அப்படி ஒரு போட்டோ வந்தால், ஃபார்வர்டு பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஸூம் செய்யுங்கள். நகம் இருக்கா, பாதத்தின் பின் விளிம்பில் மூன்று மேடு இருக்கா, அளவு என்ன? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால், "உறுதியா தெரியலை, அடுத்த தடத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். தடம் படிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அதுதான்.